தட்டு கழுவும் இடத்துக்குப் போன பயிற்சி: கொழும்பு ஹோட்டல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சுற்றாடல் பயிற்சி என்றால் கொழும்பு நிறுவனங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினத்தை ஒட்டி ஒரு மண்டபத்தில் ஊழியர்களைக் கூட்டுவார்கள். ஒருவர் காலநிலை மாற்றம் பற்றிப் பேசுவார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, தேநீர், குழுப் படம். அடுத்த மாதம் மின்சார அலகோ தண்ணீர் அலகோ குப்பையின் எடையோ மாறியதா என்று பார்ப்பவர் குறைவு. பயிற்சிக்கும் வேலைக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியை ஒரே இடத்தில் கிட்ட இருந்து பார்க்கும் வாய்ப்பு, பயிற்சியாளராக எனக்குக் கிடைத்தது. அங்கே பார்த்ததை, இதே வேலையில் இருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கொழும்பின் பிரதான சாலையான காலி வீதியை ஒட்டிய நடுத்தர ஹோட்டல் அது. பெயர் தேவையில்லை. அறைகள், மேல்மாடியில் விழா மண்டபம், ஒரு பிரதான சமையலறை, சொந்தச் சலவைப் பகுதி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணங்கள் அங்கே அதிகம். கனடா, லண்டனில் இருந்து வரும் உறவுக்காரர்கள் அந்த நாட்களில் அறைகளை நிரப்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் வியாபார விஷயமாக வருகிறவர்களும் சுற்றுலாப் பயணிகளும்.

ஹோட்டலுக்கு இந்த அக்கறை வந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. ஐரோப்பிய சுற்றுலா நிறுவனங்கள் ட்ராவல்லைஃப் போன்ற சுற்றாடல் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியிருந்தன. அதைவிடப் பெரிய காரணம் மின்சாரம். 2022 ஓகஸ்டில் சராசரிக் கட்டணம் 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். ஆறு மாத இடைவெளியில் கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. குளிரூட்டியையும் சலவை இயந்திரத்தையும் நம்பி நடக்கும் தொழிலில் அது தாங்கக்கூடிய சுமை இல்லை.

முதல் சுற்று: மண்டபத்தில்

நான் போவதற்கு முன்பே ஒரு பயிற்சி நடந்திருந்தது. திரையில் ஆங்கிலம், பேச்சு சிங்களத்தில். பிரிவுத் தலைவர்களும் நிரந்தர ஊழியர்களும் கலந்துகொண்டார்கள். கழிவுத் தொட்டிகளுக்கு வண்ணம் அடித்து வைத்தார்கள்: உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கும் பொலித்தீனுக்கும் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். நாட்டில் வழக்கத்தில் இருக்கும் வண்ண முறைதான். பயிற்சி முடிவில் நிரப்பிய படிவங்களில் எல்லாரும் "மிகவும் பயனுள்ளது" என்றே குறித்திருந்தார்கள்.

சில வாரங்கள் கழித்து ஐந்து தொட்டிகளைத் திறந்து பார்த்தால் ஐந்திலும் ஒரே கலவை.

முகாமையாளர் சொன்ன காரணம், "ஆட்களுக்கு அக்கறை இல்லை" என்பது. நம் நாட்டில் இது மிக எளிதாக வாயில் வரும் விளக்கம். நான் அதை ஏற்கவில்லை. கழிவைக் கையால் தொடுகிறவர் யார் என்று பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தட்டுக் கழுவுகிறவர்கள், சமையலறைத் தரையைக் கழுவுகிறவர்கள், குப்பை அறையில் நிற்கிறவர்கள் எல்லாருமே மேன்பவர் நிறுவனம், அதாவது ஒப்பந்தத்தில் ஆள் வழங்கும் நிறுவனம், அனுப்பிய ஆட்கள். மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளான ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள். ஹோட்டலின் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ஆகவே பயிற்சிப் பட்டியலிலும் இல்லை. ஹோட்டலின் குப்பை முழுவதும் யார் கை வழியாகப் போகிறதோ, அவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் குப்பை பிரிக்கும் பயிற்சி கிடைத்திருந்தது.

சுற்றாடல் முகாமைத்துவத்துக்கான ஐ.எஸ்.ஓ. 14001 சர்வதேசத் தரநிலையின் 2015 பதிப்பை எடுத்துப் பாருங்கள். தகைமையும் விழிப்புணர்வும் பற்றிய 7.2, 7.3 பிரிவுகள் "ஊழியர்" என்று வரையறுப்பதில்லை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டின் கீழ் வேலை செய்யும் ஆட்கள் என்றே சொல்கின்றன. ஒப்பந்தக்காரரின் ஆளும் அதில் அடக்கம். சம்பளத்தை யார் கொடுக்கிறார் என்பது குப்பைக்குத் தெரியாதுதானே.

மொழியும் இருக்கிறது. அந்தத் தம்பிமாருக்குச் சிங்களம் விளங்கும். ஆனால் விளங்குவது வேறு, முகாமையாளர் முன்னால் எழுந்து அந்த மொழியில் ஒரு சந்தேகம் கேட்பது வேறு. மண்டபத்தில் உட்கார வைத்திருந்தாலும் அவர்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்று: வேலை நடக்கும் இடத்தில்

நாங்கள் மண்டபத்தை விட்டுவிட்டுத் தட்டுக் கழுவும் இடத்துக்குப் போனோம். கல்யாண இரவொன்றில், சாப்பாடு முடிந்து தட்டுகள் அடுக்கடுக்காக வந்து விழும் நேரத்தில், ஓரமாக நின்று பார்த்தேன். தட்டு வருகிறது. அதில் மிச்சச் சோறு, கோழி எலும்பு, கசக்கிய டிஷ்யூ, பல்குத்தி, சில தட்டுகளில் சாத்தே குச்சி. பச்சைத் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில். செம்மஞ்சள் தொட்டி முதுகுக்குப் பின்னால், ஈரத் தரையில் நாலு எட்டு வைத்துப் போக வேண்டிய இடத்தில். பின்னால் தட்டு குவிகிறது, மேற்பார்வையாளர் அவசரப்படுத்துகிறார். யாராக இருந்தாலும் பச்சையில்தான் போடுவார்கள்.

இடையில் ஒரு தம்பி, எலுமிச்சைத் துண்டைச் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாளோடு ஒரு கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "சேர், இத எதுல போடுறது? பச்சையில போட்டா பன்றிக்காரர் ஏசுவாரு. செம்மஞ்சள்ல போட்டா எறும்பு வருதுன்னு சூப்பவைசர் ஏசுவாரு." முதல் பயிற்சியின் எந்தத் திரையிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. அன்று தொடங்கி, பயிற்சியின் பாடத்திட்டத்தையே அவர்கள் கேட்ட கேள்விகளில் இருந்து தயாரித்தோம்.

பன்றிக்காரர் என்று அவர் சொன்னது, சமையலறைக் கழிவை எடுத்துப் போகும் பண்ணைக்காரரை. கொழும்பு ஹோட்டல்கள் பலவற்றின் உணவுக் கழிவு இப்படிப் பன்றிப் பண்ணைகளுக்குப் போகிறது. அவரையே ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்தோம். இதை நான் செய்த வேலைகளில் உருப்படியான ஒன்றாக இன்றும் நினைக்கிறேன். அவர் பேச்சுக்கு எதையும் தயார் செய்து வரவில்லை. முந்தைய நாள் வாளியில் இருந்து பொறுக்கிய சாமான்களை ஒரு பையில் கொண்டு வந்து மேசையில் கொட்டினார். பல்குத்தி, போத்தல் மூடி, டிஷ்யூ, உடைந்த கண்ணாடி விளிம்பு, ஒரு சின்னக் கரண்டியும் இருந்தது. பல்குத்தி குட்டியின் தொண்டையில் குத்தினால் என்ன ஆகும் என்று சிங்களத்தில் சொன்னார். தட்டுக் கழுவும் பகுதியின் மூத்த அண்ணன் அதைத் தமிழில் சொன்னார். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். தோட்டத்து வீட்டில் மாடும் கோழியும் வளர்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அவர்களே மாற்றம் சொன்னார்கள். தட்டு வந்து இறங்கும் மேசையின் இடப் பக்கத்தில் குச்சிக்கும் பல்குத்திக்கும் ஒரு சின்னத் தட்டம், அதை அடுத்து டிஷ்யூ, கடைசியில் உணவு. உடம்பைத் திருப்பாமல் கை எட்டும் வரிசை. மேசை எடுக்கும் வெயிட்டர்மார் டிஷ்யூவைத் தனியாக எடுத்து வந்தால் பாதி வேலை குறையும் என்பதும் அவர்கள் யோசனைதான். மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் மூடி போட்ட கிண்ணம் வைக்கச் சமையலறை ஒத்துக்கொண்டது. மேசையை நகர்த்த ஒரு தண்ணீர்க் குழாயை இடம் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பராமரிப்புப் பிரிவின் கையெழுத்துக் கிடைக்கத்தான் அதிக நாள் எடுத்தது.

இதை நான் இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மண்ணுக்கும் குப்பைக்கும் அடியில் இறந்தார்கள். வீடுகள் புதைந்தன. அதற்குப் பிறகு, பிரிக்காத குப்பையை எடுப்பதில்லை என்ற கண்டிப்பைக் கொழும்பு மாநகர சபை கூட்டியது. குப்பை கலந்து போனால் அதன் கடைசிச் சுமையை யார் சுமக்கிறார்கள் என்பது இந்த நகரத்துக்குத் தெரியும். ஆகவே தட்டுக் கழுவும் இடத்தின் வரிசையை நான் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை.

இரண்டு பயிற்சிகள் மோதிய இடம்

சமையலறையில் வேறொரு சிக்கல். உறைந்த கோழியையும் மீனையும் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஐஸ் கரையும் வரை ஓட விடுவார்கள். குழாய் நிமிடத்துக்கு 10 லீட்டர் விட்டால் இரண்டு மணி நேரத்தில் 1,200 லீட்டர் போய்விடும். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று சுற்றாடல் பயிற்சியில் சொன்னபோது சமையல்காரர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள், குழாயை மூடவில்லை. கேட்டால், "உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் ஓடும் தண்ணீர் என்றுதான் சொல்லித் தந்தார்கள்" என்றார்கள். உண்மைதான், அந்த முறைக்கு அனுமதி உண்டு. ஆனால் அதில் நிபந்தனையும் உண்டு. சர்வதேச உணவுத் தரநிலை அமைப்பான கோடெக்ஸ், பெரிய அளவிலான சமையலுக்கு வகுத்த விதிக்கோவை, தண்ணீரின் வெப்பநிலை 21 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது, நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கொழும்பில் கூரைத் தாங்கியில் இருந்து வரும் தண்ணீர் 21 பாகையில் இருக்காது. கையை வைத்தாலே வெதுவெதுப்பு தெரியும். அதாவது தண்ணீரும் வீண், உணவுப் பாதுகாப்பும் இல்லை.

ஷெஃப் வெப்பமானியை எடுத்துத் தானே குழாய்த் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு அங்கே விவாதம் நடக்கவில்லை. முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றி மெதுவாகக் கரைய விடுவது என்று முடிவானது. ஆனால் அதற்கு, நாளை எத்தனை பேருக்குச் சாப்பாடு என்பது இன்று மாலையே சமையலறைக்குத் தெரிய வேண்டும். விழாப் பிரிவு அந்தக் கணக்கைக் காலையில்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. தண்ணீரைச் சேமித்தது கடைசியில் மாலை நான்கு மணிக்குப் போகும் ஒரு துண்டுத் தாள். சமையல்காரருக்கு மட்டும் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அந்தத் தாள் வந்திருக்காது.

அறைகளிலும் இதே கதை. விருந்தினர் வெளியே போனால் குளிரூட்டி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் வாசலில் அட்டை செருகும் துளை இருக்கிறது. அறை சுத்தம் செய்கிறவர்கள் அதில் ஒரு பழைய அட்டையைச் செருகிவிட்டுப் போனார்கள். விருந்தினர் வரும்போது அறை சூடாக இருந்தால் முறைப்பாடு வரும், முறைப்பாடு வந்தால் அவர்கள் பெயர் அறிக்கையில் போகும். அணைத்ததற்காக யாரும் அவர்களைப் பாராட்டியது இல்லை. விருந்தினர் விமான நிலையத்தில் இருந்து புறப்படும் நேரம் வரவேற்புப் பகுதியில் இருந்து தொலைபேசியில் வந்தால் போதும், அரை மணி நேரம் முன்னால் போட்டுவிடலாம் என்று ஓர் அக்கா சொன்னார். செய்தோம். ஆட்கள் குறைந்த நாட்களில் அறைகளை ஒரே மாடியில் கொடுப்பது என்றும் முடிவாயிற்று.

சலவைப் பகுதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோட்டல்களுக்கான கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், அலகுக்கு அதிக விலை. உலர்த்தும் இயந்திரங்களை அந்த நேரத்தில் இருந்து விடிகாலைக்கு மாற்றினார்கள். இதனால் செலவு குறையும். நாட்டின் மாலை உச்சச் சுமையும் சற்று இறங்கும். ஆனால் ஹோட்டல் எடுக்கும் அலகு குறையாது. இரண்டையும் ஒன்றாகச் சாதனைப் பட்டியலில் போடக் கூடாது என்று வலியுறுத்தினேன்.

எதை அளப்பது

இங்கேதான் பல நிறுவனங்கள் தவறான முடிவுக்கு வருகின்றன. 2024 மார்ச்சில் மின் கட்டணம் சராசரியாக 21.9 வீதம் குறைந்தது, ஜூலையில் மேலும் 22.5 வீதம். இந்த ஹோட்டலின் மாதப் பட்டியலும் இறங்கியது. நிர்வாகக் கூட்டத்தில் அதைப் பயிற்சியின் வெற்றியாக வாசித்தார்கள். பட்டியலில் உள்ள அலகுகளைப் பாருங்கள் என்றேன். ரூபாய் இறங்கிய அளவுக்கு அலகு இறங்கவில்லை. 2023இல் கட்டணம் ஏறியபோது இதே கணக்கால் பயிற்சி தோற்றது என்று சொல்லியிருப்பார்கள். இரண்டும் பிழை. கட்டணத்தைத் தீர்மானிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அதில் ஊழியருக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை.

அலகையும் அப்படியே எடுக்க முடியாது. அறைகள் நிரம்பிய மாதத்தையும் காலியாகக் கிடந்த மாதத்தையும் ஒப்பிட்டால் வெறும் வியாபாரம்தான் தெரியும். ஆள் தங்கிய ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு எத்தனை அலகு, பரிமாறிய ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை கிராம் கழிவு என்று வகுத்துப் பார்க்கத் தொடங்கினோம். குப்பை அறையில் ஒரு தராசும் ஒரு பலகையும் வைத்தோம். தமிழிலும் சிங்களத்திலும் தலைப்பு. எடையை எழுதுகிறவர் அந்த நேரம் வேலையில் இருக்கும் தம்பி.

உணவுக் கழிவை மூன்றாகப் பிரித்து எடை போட்டது பெரிய வெளிச்சம் தந்தது: நறுக்கும்போது போவது, பரிமாறும் பாத்திரத்தில் மிஞ்சுவது, தட்டில் மிஞ்சுவது. நறுக்கும் கழிவு கூடினால் கத்தி பிடிக்கிறவருக்குப் பயிற்சி. தட்டில் மிஞ்சினால் பரிமாறும் அளவைப் பார்க்க வேண்டும். பாத்திரத்தில் மிஞ்சினால் அது சமைக்கச் சொன்னவரின் விஷயம். யாருக்கு எந்தப் பயிற்சி என்பதை மனிதவளப் பிரிவின் வருடாந்தத் திட்டத்தைவிட இந்தத் தராசு சரியாகச் சொன்னது. ஹோட்டலின் எண்களை வெளியிட எனக்கு உரிமை இல்லை, திசையை மட்டும் சொல்கிறேன்: கலப்பு நன்றாகக் குறைந்தது, நறுக்கும் கழிவும் தட்டுக் கழிவும் இறங்கின, அறைக்கான அலகு கொஞ்சம் இறங்கியது. விழா நாட்களில் பாத்திரத்தில் மிஞ்சுவது அசையவே இல்லை.

ஏன் இப்படி நடந்தது

பசுமை மனிதவள முகாமைத்துவம், அதாவது ஊழியர் நிர்வாகத்தில் சுற்றாடலையும் சேர்த்துப் பார்ப்பது, பற்றி ரென்விக், ரெட்மன், மகுவயர் மூவரும் 2013இல் வெளியிட்ட மீளாய்வு, திறன், ஊக்கம், வாய்ப்பு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. நம் நாட்டில் ஒபாதவும் அருள்ராஜாவும் 2014இல் எழுதிய கட்டுரை, ஊழியரிடம் பசுமைத் தகைமை, மனப்பாங்கு, நடத்தை, பெறுபேறு ஆகிய நான்கும் வேண்டும் என்கிறது. இந்த ஹோட்டலின் முதல் பயிற்சி தகைமையிலும் மனப்பாங்கிலும் நின்றுவிட்டது, அதுவும் தவறான ஆட்களிடம். அட்டை செருகிய அக்காவுக்குத் திறன் இருந்தது, அக்கறையும் இருந்தது. அணைத்தால் ஏச்சு விழும் என்ற நிலை அவரைத் தடுத்தது. தட்டுக் கழுவிய தம்பிக்கு மனம் இருந்தது, தொட்டி முதுகுக்குப் பின்னால் இருந்தது. இத்தகைய இடங்களில் "விழிப்புணர்வு போதாது" என்று இன்னொரு மண்டபக் கூட்டம் போடுவது, உழைக்கிறவர் மேல் பழியைத் தள்ளுவது மட்டுமே. அதில் எனக்கு உடன்பாடே இல்லை.

2022இன் மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோம். எந்த விளக்கு தேவை, எது தேவையில்லை என்று எல்லா நிறுவனங்களிலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மின்சாரம் திரும்பிய பிறகு அந்தப் பழக்கம் வேலை ஒழுங்கில் எழுதப்படவில்லை, யாருடைய பொறுப்பாகவும் ஆக்கப்படவில்லை. அறிவு இருந்தும் போய்விட்டது.

இந்த ஹோட்டலிலும் அந்த ஆபத்து இருக்கிறது. ஆட்கள் நிற்பதில்லை. கொஞ்சம் அனுபவம் வந்ததும் டுபாய், கட்டார், மாலைதீவு என்று போய்விடுகிறார்கள், போகத்தான் செய்வார்கள். அந்தச் சம்பளத்தை இங்கே யாரும் கொடுப்பதில்லை. அதனால் புதிதாக வருகிறவருக்கு முதல் நாளில், அதே மேசையில், பக்கத்தில் நிற்கும் மூத்தவர் தன் மொழியில் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதை வேலை நேர அட்டவணையிலேயே எழுதச் செய்தோம். கற்றுக் கொடுக்கும் மூத்தவருக்கு ஒரு கொடுப்பனவும் கேட்டேன். நிரந்தர ஊழியருக்குச் சரி என்றார்கள். மேன்பவர் ஆட்களுக்கு அது ஒப்பந்தத்தில் வராது என்றார்கள். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்த வரி அதில் வர வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது விழாச் சாப்பாடு. கல்யாண வீட்டார் 300 பேர் என்று கையெழுத்துப் போடுவார்கள். "சாப்பாடு குறைஞ்சு போச்சு எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது" என்று கூடவே சொல்வார்கள். ஹோட்டலும் பயந்து அதற்கு மேல் சமைக்கும். இதைத் தட்டுக் கழுவுகிறவரும் சமையல்காரரும் திருத்த முடியாது. ஒப்பந்தம் பேசும் விற்பனைப் பிரிவு, கடைசி அரை மணி நேரம் சின்னப் பாத்திரங்களில் சூடாகச் சமைத்து நிரப்பித் தருகிறோம் என்று பெண் வீட்டாரிடம் நம்பிக்கையாகச் சொல்லப் பழக வேண்டும். தராசின் பலகையில் இருக்கும் கணக்கை எடுத்துக்கொண்டு விற்பனைப் பிரிவினருக்கான பயிற்சியை ஆடி மாதத்தில் வைத்திருக்கிறோம். அந்த மாதத்தில்தான் மண்டபம் காலியாக இருக்கும், அவர்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.